நடுத்தர நாடுகளும் நம் கடலும்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என்று எங்கே உலக அரசியல் பேச்சு வந்தாலும், “அமெரிக்காவும் சீனாவும் முடிவு பண்றதுதானே நடக்கும்” என்று யாராவது சொல்லி, பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் படகு ஓடும் கடலின் சட்டம், நம் கரைக்கு வரும் சுனாமி எச்சரிக்கை, டீசல் மானியத்தைப் பற்றி ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பில் நடக்கும் வாக்குவாதம், இவற்றில் எல்லாம் அந்த இரண்டு நாடுகளையும் தாண்டி வேறு பலரின் உழைப்பு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் படகு வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நடுத்தர நாடுகள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஐ.நா. பாதுகாப்பு சபையில் வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்) கிடையாது, தனியாக நின்று யாரையும் பணிய வைக்க முடியாது, ஆனால் இவர்களை ஒதுக்கிவிட்டு ஒரு உலக ஒப்பந்தத்தை ஓட்டவும் முடியாது. அப்படிப்பட்ட நாடுகள். கனடா, ஆஸ்திரேலியா, நார்வே, தென் கொரியா, இந்தோனேசியா, துருக்கி, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்கள். அதிகாரப்பூர்வமான பட்டியல் எதுவும் இல்லை. 2013-ல் மெக்சிகோ, இந்தோனேசியா, தென் கொரியா, துருக்கி, ஆஸ்திரேலியா ஐந்தும் சேர்ந்து ‘மிக்டா’ என்று ஒரு குழு அமைத்தன; அது பெரிதாக எதையும் சாதித்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்தபோதுதான் இந்த நாடுகள் உருப்படியாகச் செய்திருக்கின்றன.

இந்தியா இதில் சேருமா?

டெல்லியில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உலகிலேயே அதிக மக்கள்தொகை, அணு ஆயுதம், பெரிய பொருளாதாரம் என்று காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆள் சேர்க்காமல் இந்தியாவால் எந்த உலக விதியையும் மாற்ற முடிந்ததில்லை. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கோவிட் தடுப்பூசி, மருந்துகளின் காப்புரிமையை நிறுத்திவைக்கச் சொல்லி உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. நிறைய வளரும் நாடுகள் கூட நின்றும், 2022 ஜூனில் கிடைத்தது கேட்டதில் ஒரு பங்குதான். அதே இந்தியா 2023-ல் ஜி20 தலைமையில் இருந்தபோது ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக உள்ளே கொண்டுவந்தது. அது நல்ல வேலை.

நம் கரையில் இருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஜெனீவாவில் பணக்கார நாடுகளுக்கு எதிரே உட்காரும்போது இந்தியா நடுத்தர நாடு. பாக் விரிகுடாவில் இலங்கைக்கு எதிரே நிற்கும்போது அதே இந்தியா பெரிய நாடு. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் மனதில் வைத்துக்கொண்டால்தான் கீழே வரும் பதில்கள் பிடிபடும்.

அண்ணே, ராமேஸ்வரத்து மீனவனுக்கு இதனால் என்ன?

கரையில் இருந்து 12 கடல் மைல் நம் நாட்டின் கடல், 200 கடல் மைல் வரை மீனுக்கும் கடலடிக் கனிமத்துக்கும் நம் உரிமை. இதை இன்று எல்லோரும் இயல்பாகச் சொல்கிறார்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் இது விதியே அல்ல. பெரிய கடற்படையும் பெரிய மீன்பிடிக் கப்பலும் வைத்திருந்த நாடுகளுக்கு, கரையோர நாடுகளின் உரிமை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு லாபம். 200 மைல் கேட்டு முதலில் குரல் கொடுத்தவை 1947-ல் சிலியும் பெருவும். 1967-ல் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்று பேசினார். அதற்குப் பிறகுதான் கடல் சட்ட மாநாடு 1973-ல் தொடங்கியது, ஒன்பது வருடம் நடந்தது.

அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1980-ல் அவர் இறந்த பிறகு சிங்கப்பூரின் டாமி கோ வேலையை முடித்தார். மால்டா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் சின்ன நாடுகள். அவர்களுக்குப் பின்னால் கனடா, ஆஸ்திரேலியா, நார்வே, இந்தோனேசியா, கென்யா, மெக்சிகோ போன்றவை ஆளுக்கொரு கோரிக்கையோடு நின்றன, தீவுக்கூட்டங்களுக்குத் தனி விதி வேண்டும் என்று இந்தோனேசியா பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. ஒப்பந்தம் 1982-ல் கையெழுத்தாகி 1994-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1995-ல் உறுதி செய்தது. அமெரிக்கா இன்னும் சேரவில்லை. சேராமலேயே அதன் பெரும்பாலான விதிகளை நடைமுறையில் ஏற்றுக்கொண்டு நடக்கிறது. எவ்வளவு பெரிய நாடானாலும் மற்றவர்கள் சேர்ந்து எழுதிய விதிக்குள்தான் கப்பல் ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் நம் ஆட்கள் ஏன் பிடிபடுகிறார்கள்?

தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். அங்கே 200 மைல் கணக்குக்கு இடமே இல்லை. இரண்டு நாடும் பேசித்தான் கோடு போட வேண்டும். 1974-ல் பாக் நீரிணையில் கோடு போட்டார்கள், கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோடு போட்டபோது, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதில்லை என்று கடிதங்கள் பரிமாறப்பட்டன. இரண்டு சமயமும் இந்தக் கரையில் இருப்பவர்களைக் கேட்காமலேயே முடிந்தது என்பது ஐம்பது வருடமாக ஆறாத வருத்தம், அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

ஆனால் தீவைப் பற்றிப் பேசிப் பேசியே மீனைப் பற்றிப் பேசாமல் விட்டோம். இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் பை போன்ற வலை, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. விரிகுடா ஆழமில்லாதது, நம் பக்கத்தில் மீன் குறைந்ததும் படகு தானாக அந்தப் பக்கம் போகிறது. அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்கள் நம் மொழி பேசுபவர்கள், போர்க்காலத்தில் வருடக்கணக்கில் கடலுக்கே போக விடப்படாதவர்கள், 2009-க்குப் பிறகு வலை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர்களின் வலையை நம் இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போன கதை இரண்டு கரையிலும் தெரியும். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது, 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. பிடிபடுபவர் பெரும்பாலும் கூலிக்குப் போனவர். படகு போனால் கடன் மட்டும் கரையில் நிற்கிறது.

இந்த இழுவைமடி எப்படி வந்தது என்றால் அதிலும் ஒரு நடுத்தர நாடு வருகிறது. 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்டு, கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்வள உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. விசைப்படகு, ஐஸ், இறாலுக்கான இழுவைமடி என்று அது விரிந்து மற்றக் கரைகளுக்கும் பரவியது. நார்வே நல்லெண்ணத்தோடுதான் வந்தது. குளிர்ந்த ஆழ்கடலில் பழகிய முறை, ஆழமில்லாத வெப்பக் கடலில் என்ன செய்யும் என்பதை இந்தியாவோ நார்வேயோ அப்போது யோசிக்கவில்லை. உதவி செய்ய வரும் நாடு சின்னதா பெரிதா என்பதைவிட, கரையில் இருப்பவரைக் கேட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

அதே நார்வேதானே இலங்கையில் சமாதானம் பேசியது? ஏன் முடியவில்லை?

அதேதான். 2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவே நார்வே முன்னின்று போர்நிறுத்த ஒப்பந்தம் செய்துவைத்தது. நார்வேயின் சமாதானத் தூதர் எரிக் சோல்ஹைம் பெயர் அப்போது மண்டபம் அகதிகள் முகாமில் இருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஐந்து நாட்டுக்காரர்கள் கண்காணிப்புக் குழுவாக வந்தார்கள். ஆயுதம் இல்லாமல் வந்தார்கள்.

சில வருடம் உயிர்ச்சேதம் வெகுவாகக் குறைந்தது. அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது, அந்த வருடங்களில் பிழைத்தவர்கள் இன்று நம் நடுவே இருக்கிறார்கள். ஆனால் மீறல்களைக் குறித்துவைப்பதைத் தவிர அந்தக் குழுவால் எதையும் தடுக்க முடியவில்லை. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தில் இருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள், நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்தில் இருந்து விலகியது. அப்புறம் நடந்ததை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கதவைத் திறந்துவிட நடுத்தர நாட்டால் முடியும், உள்ளே வந்தவர்கள் அடித்துக்கொள்ளாமல் பிடித்துவைக்க அதனிடம் கை பலம் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய நாடுகள் கூட நின்றால்தான் அது நிலைக்கும். இலங்கையில் அப்படி யாரும் கூட நிற்கவில்லை, இந்தியாவும் தள்ளியே நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தைக் கனடாவும் நார்வேயும் இன்னும் சில நாடுகளும் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து 1997-ல் முடித்தன. பெரிய நாடுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா யாரும் இன்றுவரை அதில் இல்லை. ஆனாலும் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. மன்னாரிலும் வன்னியிலும் வெடி அகற்றிய நிலத்தில் இன்று மக்கள் விவசாயம் செய்கிறார்கள், இங்கிருந்து திரும்பிப்போன குடும்பங்களும் அவர்களில் உண்டு.

நடுத்தர நாடுகள் சேர்ந்து செய்து, நம் கரைக்கு நேரடியாகக் கிடைத்தது என்று ஒன்றைச் சொல்ல முடியுமா?

சுனாமி எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது, பசிபிக் கடலுக்கு மட்டும்தான் இருந்தது. பாக் விரிகுடாக் கரையை அன்று பெரும்பாலும் இலங்கையின் நிலம் மறைத்துக் காப்பாற்றியது. நாகப்பட்டினத்துக்கு அந்த மறைப்பு இல்லை. அதன் பிறகு யுனெஸ்கோ மூலமாகப் பேசி, 2011 அக்டோபரில் இருந்து இந்தப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை தரும் பொறுப்பை ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா மூன்றும் ஏற்றுக்கொண்டன. ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் இவர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’. கள்ளக்கடல் (திடீரென்று கரையில் எழும் பேரலை) எச்சரிக்கையும், மீன் கூடும் இடம் பற்றிய தகவலும் நமக்கு அங்கிருந்துதான் வருகின்றன. வல்லரசு எதுவும் தலைமை தாங்காமல், ஒரு பெருங்கடலுக்கே மூன்று நாடுகள் காவல் இருக்கின்றன. இதை நம் பள்ளிப் புத்தகத்தில் இன்னும் பெரிதாக எழுத வேண்டும்.

டீசல் மானியத்தை நிறுத்தப் போகிறார்களாமே?

உடனே இல்லை. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது, அது 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்பு, ஏற்கெனவே அருகிப்போன மீன் இனங்கள், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடல், இந்த மூன்றுக்கும் மானியம் கூடாது என்பது அதன் சாரம். அது நடைமுறைக்கு வந்தபோது இந்தியா அதில் சேரவில்லை. அளவுக்கு மீறிய படகுகள், எரிபொருள் பற்றிய இரண்டாம் பகுதி இன்னும் முடியவில்லை. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர்கள் முதலில் கொலம்பியாக்காரர், பிறகு ஐஸ்லாந்துக்காரர்.

இந்தியா என்ன கேட்கிறது என்றால், தூரக் கடலுக்குப் போய்ப் பிடிக்காத வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம். உலகத்தின் கடலைக் காலி செய்தது வெகுகாலமாக மானியம் வாங்கி அடுத்த கண்டம் வரை போகும் கப்பல்கள், வல்லம் என்ற நாட்டுப்படகில் போய்ப் பாறை மீனும் சீலா மீனும் பிடிப்பவர் இல்லை. இந்த வாதத்தில் நான் இந்தியாவின் பக்கம். ஆனால் நாட்டுப்படகுக்காரரின் பெயரைச் சொல்லி வாங்கும் அவகாசம் இரட்டைமடிக்கும் (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) நிழல் கொடுக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்றையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாட்டின் கடலுக்குள் சட்டவிரோதமாகப் பிடித்த படகு என்று அந்தக் கரையோர நாடு முறைப்படி தீர்மானித்தால், அந்தப் படகுக்கு மானியம் தரக் கூடாது என்கிறது ஒப்பந்தம். இந்தியா சேரும் நாளில் எல்லை தாண்டும் பிரச்சினை, வரிவிலக்கு டீசல் பிரச்சினையாகவும் மாறும்.

சார்க், பிம்ஸ்டெக் எல்லாம் இருக்கின்றனவே?

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சிமாநாடு கடைசியாக நடந்தது 2014-ல். வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் 1997-ல் தொடங்கியது, அதற்கு ஒரு சாசனமே 2022-ல் கொழும்பில்தான் கையெழுத்தானது. நம்புவதற்கு இன்னும் காலம் வேண்டும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று சென்னையில் இருக்கிறது: வங்காள விரிகுடாத் திட்டம். 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கியது, பணம் பெரும்பாலும் சுவீடன் கொடுத்தது, சிறு மீனவர்களுக்காகக் கரையில் ஏற்றக்கூடிய படகு வடிவங்களை எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். 2003-ல் வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை நான்கும் அதைத் தங்கள் சொந்த அமைப்பாக எடுத்துக்கொண்டன. வெளியில் இருந்து வந்து தொடங்கிவைத்துவிட்டு, கையில் ஒப்படைத்து விலகுவது எனக்குப் பிடித்த முறை.

வளைகுடா நாடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். சேர்க்கலாம். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் தாலிபானும் ஆப்கானிஸ்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது கத்தாரின் தோஹாவில். துருக்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2022 ஜூலையில் ஐ.நா.வோடு சேர்ந்து ரஷ்யாவையும் உக்ரைனையும் ஒத்துக்கொள்ள வைத்து, கருங்கடல் வழியாகத் தானியக் கப்பல்களை விட வைத்தது. ஒரு வருடத்தில் சுமார் மூன்று கோடியே முப்பது லட்சம் டன் தானியமும் எண்ணெயும் வெளியே வந்தன. அந்த வருடம் சூரியகாந்தி எண்ணெய் விலையில் நம் வீடுகள் பட்ட பாடு நினைவிருக்கும். 2023 ஜூலையில் ரஷ்யா விலகியதும் ஏற்பாடு நின்றது. நார்வே பற்றிச் சொன்ன அதே பலவீனம்தான்.

இறாலுக்கு அமெரிக்கா வரி போட்டபோது இந்த நாடுகள் எங்கே போயின?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீதம் வரை கூடுதல் வரி வந்தபோது முதலில் அடிபட்டவற்றில் இறாலும் ஒன்று, ஏனென்றால் நம் இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. தடுக்க யாராலும் முடியவில்லை. ஆனால் இது மாதிரி நேரத்துக்காக மற்றவர்கள் என்ன செய்துவைத்தார்கள் என்று பாருங்கள். 2017-ல் அமெரிக்கா பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை உதறியபோது ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட பதினொரு நாடுகள் அதைக் கைவிடாமல் 2018-ல் தாங்களே நடத்திக்கொண்டன. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரில் முடங்கியதும், ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் இன்னும் சிலரும் சேர்ந்து தங்களுக்குள் தற்காலிக மேல்முறையீட்டு முறை வைத்துக்கொண்டார்கள். இந்தியா இரண்டிலும் இல்லை. தனித்தனியாக ஒப்பந்தம் போடுவதையே விரும்புகிறது. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாடுகளோடு போட்டது 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரே கடையை நம்பி இறால் விற்கக் கூடாது என்பது ஏற்றுமதியாளருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் அவரவர் லாபத்துக்குத்தானே?

ஆமாம். விதி இல்லாத உலகத்தில் இவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம், அதனால் விதி எழுத உட்காருகிறார்கள். எழுதப்பட்ட விதி அவர்களைவிடச் சின்னவருக்கும் உதவுகிறது. அது எனக்குப் போதும்.

அப்படியானால் பாக் விரிகுடாவில் இந்தியா என்ன செய்யலாம்?

வடக்கே பேரண்ட்ஸ் கடலில் நார்வேயும் சோவியத் யூனியனும் (பிறகு ரஷ்யாவும்) ஏறக்குறைய நாற்பது வருடம் எல்லைக்கோட்டுக்குச் சண்டை போட்டன. பனிப்போர் உச்சத்தில் ஒன்று நேட்டோ, மற்றது அதன் எதிரி. ஆனாலும் 1975-ல் ஒப்பந்தம் செய்து, அதிலிருந்து வருடாவருடம் கூட்டு ஆணையத்தில் உட்கார்ந்து, காட் மீன் இவ்வளவுதான் பிடிக்கலாம், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தார்கள். எல்லைக்கோடு 2010-ல்தான் முடிவானது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் அந்த ஆணையம் பங்கு நிர்ணயிப்பதை நிறுத்தவில்லை. அங்கே கோடு இல்லாமலே மீன் கணக்கு இருந்தது. இங்கே 1974-ல் இருந்து கோடு இருக்கிறது, மீன் கணக்கு இல்லை.

நம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அக்கரையில் அதே நாட்களில் அதே தடை கிடையாது, மீன் முட்டையிடுவதோ ஒரே விரிகுடாவில். இது நடக்காத காரியம் இல்லை: வங்கதேசம் 2025-ல் தன் தடைக்காலத்தை மாற்றி ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று இந்தியாவோடு பொருத்திக்கொண்டது. அதே வங்கதேசத்தோடு கடல் எல்லை வழக்கு நடந்து, 2014-ல் தீர்ப்பாயம் தகராறில் இருந்த பரப்பில் பெரும்பகுதியை அவர்களுக்குக் கொடுத்தபோது இந்தியா ஏற்றுக்கொண்டது. பெரிய நாடு தீர்ப்பை மதித்தால் பக்கத்து நாட்டுக்கு நம்பிக்கை வரும், அதற்குப் பின்னால்தான் மற்றப் பேச்சு நகரும்.

நம் கரைக்கே பங்கு வைத்துப் பழக்கம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு, சண்டைகளுக்குப் பிறகு உண்டானது. அதை அக்கரை வரை நீட்டலாம். இரண்டு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு 2016-ல் இருந்தே இருக்கிறது, அதில் பாம்பனும் மன்னாரும் உட்கார நாற்காலி வேண்டும். இழுவைமடியைப் படிப்படியாக நிறுத்த நாள் குறிக்க வேண்டும், படகை ஒப்படைப்பவருக்கு நிஜமான நஷ்ட ஈடு வேண்டும். 2017-ல் வந்த, ஆழ்கடலில் சூரை (டூனா) மீன் பிடிக்கும் படகுத் திட்டத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று கணக்கிட்டு, 70 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். மீதிக் கடன், அன்றாடம் திரும்பி வந்து பழகியவரை நாட்கணக்கில் கடலில் இருக்கச் சொன்னது, ஆழ்கடலுக்கு ஏற்ற துறைமுக வசதி போதாதது, இவை சேர்ந்து நினைத்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. திட்டம் தப்பில்லை, அதைக் கரையோடு சேர்ந்து திருத்தி எழுத வேண்டும்.

ஆழ்கடலுக்குப் போனால் அங்கே யாருடைய விதி?

சூரைக்கு இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் இருக்கிறது, தலைமையகம் சீஷெல்ஸில். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அதில் உறுப்பினர்கள். தூரத்தில் இருந்து வரும் ஐரோப்பியக் கப்பல்களோடு அங்கே மல்லுக்கு நிற்பவை கரையோர நாடுகள்தான், மாலத்தீவு தூண்டில் மீனவர்களுக்காக விடாமல் பேசுகிறது. பாக் விரிகுடாவில் எதிரெதிரே நிற்கும் இந்தியாவும் இலங்கையும் அந்த அறையில் பல விஷயத்தில் ஒரே பக்கம் நிற்க முடியும். 200 மைலுக்கு அப்பால் உள்ள உயிர்வளத்துக்கு சிங்கப்பூரின் ரெனா லீ தலைமையில் பேசி முடித்த ஆழ்கடல் ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. ராமேஸ்வரத்தில் இருந்து சூரைத் தூண்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் படகு இந்த விதிகளைத் தெரிந்துகொண்டுதான் ஓட வேண்டும், அதனால் அவற்றைத் தமிழில் அச்சிட்டுத் துறைமுகத்தில் கிடைக்கச் செய்யும்படி மீன்வளத்துறையிடம் சங்கங்கள் எழுதிக் கேட்க வேண்டும்.